விருந்தாளித் தண்ணீர்

ஹபரவெவ ஊரில் எந்த வீட்டு அடுப்படிக்குப் போனாலும் இரண்டு பானைகள் இருக்கும். பெரிய பானையில் கிணற்றுத் தண்ணீர். அது வீட்டாருக்கு. மூலையில், சிரட்டை கவிழ்த்து மூடிய சின்னப் பானையில் கல்மலை விகாரையின் பாறைச் சுனையிலிருந்து சுமந்து வந்த தண்ணீர். அது வருகிறவர்களுக்கு. கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் மேலே ஓர் ஆடை படியும். ஊதினால் துண்டு துண்டாக உடைந்து மிதக்கும். குடித்து முடித்த கோப்பையில் கறை வளையம் நிற்கும். வாயில் கனக்கும் அந்த ருசியை உப்பென்றும் சொல்ல முடியாது, துவர்ப்பென்றும் சொல்ல முடியாது. வீட்டு ஆட்களுக்கு அது பழகிப்போன ஒன்று. வந்த மனிதருக்கு அதைக் கொடுப்பது கிழிந்த பாயை விரித்து உட்காரச் சொல்வது போல.

யசவதி கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், தாகத்துக்குச் சின்னப் பானையில் செம்பை விட்டாள். புருஷனின் தங்கை சாந்தனி பார்த்துவிட்டாள்.

"அக்கே, நீங்க இனி விருந்தாளி இல்லை. அங்கால பெரிய பானை இருக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். யசவதியும் சிரித்தாள். அன்றிலிருந்து அவளும் பெரிய பானைக்காரிதான்.

வருடங்கள் போயின. பிள்ளைகள் பிறக்கவில்லை. சாந்தனியும் கட்டிப் போன இடத்திலிருந்து திரும்பி வந்து அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். புருஷன் செனரத்துக்கு இடுப்பு வலி தொடங்கியபோது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வயலில் குனிந்து நிமிர்கிற எவனுக்கும் இடுப்பு வலிக்கும். எண்ணெய் தடவிக்கொண்டான். பிறகு சிறுநீரில் நுரை வந்தது. அதன்பிறகு கால்கள் வீங்கின, காலையில் கொஞ்சம், பின்னேரம் அதிகம். கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் முக்கால்வாசி அவனைப் போல நெல்லும் மிளகாயும் போடுகிறவர்கள்தான். தெரிந்த முகங்கள். ஆனால் அங்கே யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். இரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கிட்னி பாதிக்கு மேல போயிட்டுது. இனி மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்திறதுதான்."

"இது என்னண்டு வந்தது மிஸ்?" என்று யசவதி கேட்டாள்.

"சரியான காரணம் எங்களுக்கே இன்னும் தெரியாது அம்மா. வெயில் எண்டுறாங்க, வயலுக்கு அடிக்கிற மருந்து எண்டுறாங்க, தண்ணி எண்டுறாங்க. ஆனா ஒண்டு செய்யலாம். அந்தக் கிணத்துத் தண்ணியை விடுங்கோ. பில்டர் தண்ணி குடியுங்கோ, இல்லாட்டி மழைத் தண்ணி."

"எவ்வளவு காலத்துக்கு?" என்றான் செனரத்.

"உங்களுக்கு எவ்வளவு காலம் வேணும்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "மிளகாய்க்கு ஒரு தரம் நல்ல விலை வந்து பாக்கோணும், மிஸ்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யசவதிக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சின்னப் பானையை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். பாறைச் சுனை ஒன்றும் பெரிய குளமல்ல. பள்ளத்தில் தேங்குகிற மழை அவ்வளவுதான். வாரத்துக்கு வீட்டுக்கு ஒரு குடம் என்று விகாரைப் பிக்கு, ஹாமுதுருவோ, அளந்து கொடுப்பார். வெயில் ஏறினால் அதுவும் இல்லை. அந்த ஒரு குடத்தையும் செனரத் முழுதாகக் குடிக்கவில்லை. பாதிக்கு மேல் இறங்கினால் மூடிவிட்டுப் பெரிய பானைக்குப் போனான். ஒருநாள் யசவதி கையும் செம்புமாகப் பிடித்தாள்.

"என்ன செய்யிறீங்க?"

"யாரும் வந்தா என்னத்தைக் குடுக்கிறது?"

"யார் வரப்போறாங்க?"

"வந்தா எண்டுறன்."

"அயலில போய்க் கொஞ்சம் கேட்டுக்கொண்டு வாறன். சோமா அக்கா தருவா."

"பிறத்தியாரின்ர விருந்தாளிப் பானையிலயா?" அவன் முகம் சிவந்தது. "நான் செத்தாலும் நீ போகக் கூடாது."

அப்படியிருக்கையில்தான் விவசாய சங்கக் கூட்டத்தில் ஒரு செய்தி வந்தது. பல்கலைக்கழகத்து ஆட்கள் வருகிறார்கள். சுற்றியிருக்கும் ஊர்களில் குடிக்கிற தண்ணீரையும் வயல் தண்ணீரையும் பரிசோதிப்பார்கள். எந்த ஊர்த் தண்ணீர் மோசமோ அந்த ஊருக்கு முதலில் பில்டர் மெசின் வரும். ஆளுக்கு வேண்டியமட்டும் நல்ல தண்ணீர். அன்றைக்கு யசவதி வீட்டுக்கு நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். இந்த ஊர்த் தண்ணீரைவிட மோசமான தண்ணீர் எங்கே இருக்கப் போகிறது? கேத்தலுக்குள் வெள்ளைப் படிவு விரல் மொத்தம் நிற்கிறது. மெசின் தங்களுக்குத்தான். செனரத்திடமும் அப்படித்தான் சொன்னாள். அவனும் நம்பினான். அந்த இரண்டு வாரம் அவன் வாய்விட்டுக் கதைத்தான், சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை பிடித்தான், வேலியைக்கூடத் திருத்தினான்.

அந்த ஆட்கள் வந்தபோது அவள் ஊரில் இல்லை. செனரத்துக்கு மூச்சு முட்டியதால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தார்கள். அவள் கூட இருந்தாள். வந்தவர்களின் வேன் மழைச் சேற்றில் ஊருக்குள் ஏறவில்லை. வீதியோரத்து வயல் கிணறுகளில் மட்டும் அவர்களே கயிறு விட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். வீடுகளுக்குச் சங்கத்தின் மூலம் ஆளுக்கொரு போத்தல் கொடுத்தனுப்பினார்கள். குடிக்கிற தண்ணீரை நிரப்பி, காலையில் விகாரை மண்டபத்தில் கொண்டுவந்து கொடுங்கள் என்றார்கள். ஒவ்வொரு போத்தலிலும் வீட்டுக்காரரின் பெயர் ஒட்டியிருந்தது.

முடிவு சொல்ல அவர்கள் திரும்பி வந்தது பெரும்போக அறுவடை முடிந்த பிறகு. மண்டபம் நிறைந்திருந்தது. செனரத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், யசவதி அவனுக்குப் பின்னால். வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒரு மஹத்தயா எழுந்து நின்றார்.

"முதல்ல சந்தோஷமான விஷயம். நீங்க குடிக்கிற தண்ணி நல்ல தண்ணி. எல்லா வீட்டுப் போத்தலும் ஒண்டு போல நல்லா இருந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில இப்படி ஒரு ஊரை நாங்க பாக்கவே இல்லை."

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

"ஆனா வயல் கிணறுகள் சரியில்லை. உப்பும் கூட, புளோரைட்டும் கூட. தண்ணி சரியான கடினம். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அதையே இறைச்சுக்கொண்டிருந்தா நிலம் இறுகிப்போயிடும்."

பின்வரிசையிலிருந்து ரத்ரன்ஹாமி எழுந்தார். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் ஒரு பகிடி விடாமல் உட்காராத மனிதர்.

"அப்ப செடிக்கு ஆகாது, மனுஷனுக்கு ஆகும் எண்டுறீங்க. நாங்க மிளகாய்ச் செடியை விட உறுதி, என்ன மஹத்தயா?"

மண்டபமே சிரித்தது. மஹத்தயாவும் சிரித்தார். "நிலத்துக்கடியில பாறை ஒரே மாதிரி இராது ஐயா. நூறு அடிக்கு ஒருக்கா மாறும்."

செனரத்தும் சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். பில்டர் மெசின் குளத்துக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போகிறது என்று மஹத்தயா சொன்னபோது யாரும் குறைப்படவில்லை. பாவங்கள், அவர்களுக்குத்தானே தேவை.

வீட்டுக்கு நடக்கையில் செனரத் கேட்டான்: "அப்ப எனக்கு இது எதால வந்தது, யசோ?"

ஊரார் அதற்குள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். கசிப்பு, கள்ளச் சாராயம். வாழ்நாளில் கள்ளைக்கூட வாயில் வைக்காதவனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் சாந்தனி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். யசவதி வாசலிலேயே நின்று கேட்டாள்.

"நங்கி, அண்டைக்கு எங்கட போத்தலை எதில நிரப்பினாய்?"

"சின்னப் பானையில."

"ஏன்?"

"பின்ன என்ன அக்கே? அவ்வளவு தூரத்தில இருந்து வந்த மஹத்தயாமாருக்குக் கிணத்துத் தண்ணியையா குடுக்கிறது?"

"அவங்க குடிக்கிறதுக்குக் கேக்கேல்லை. பரிசோதிச்சுப் பாக்கிறதுக்கு. நாங்க குடிக்கிறது எது எண்டு பாக்கிறதுக்கு."

"அது எனக்கு என்னண்டு தெரியும்?" சாந்தனியின் கை நின்றுவிட்டது. "போத்தலில அண்ணாட பேர் ஒட்டியிருந்தது. எங்கட அண்ணாட பேரோட அந்த ஊத்தைத் தண்ணியை நாலு பேருக்கு முன்னால கொண்டுபோய் நீட்டவா?"

"மற்ற வீட்டுக்காரர்?"

"எல்லாரும்தான். சோமா அக்கா தன்ர பானை வெறுமை எண்டு எங்கட்ட ஒரு செம்பு வாங்கிக்கொண்டு போனா."

யசவதி மண் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. அன்று வீட்டில் இருந்திருந்தால் தானும் சின்னப் பானையில்தான் போத்தலை அமிழ்த்தியிருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சாந்தனிக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. விளங்கியதும் மீனை விட்டுவிட்டு, கழுவாத கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் யசவதி தன் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினாள். தண்ணீர் பரிசோதிக்கிற அலுவலகத்தில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். தனி ஒருவர் கொண்டுவருவதை எடுக்க முடியாது, சங்கம் எழுதிக் கேட்டால் திரும்பப் பரிசோதிக்கலாம், தலைவர் கையெழுத்து வேண்டும் என்றான். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "தெளிவாத்தானே இருக்கு?" என்றான். திரும்பும் வழியில் பஸ்ஸில் தாகம் எடுத்தது. அதைத்தான் குடித்தாள்.

சங்கத் தலைவர் விஜேபால பலசரக்குக் கடை வைத்திருந்தார். நல்ல தண்ணீர் என்று வந்த அந்த அறிக்கையைச் சட்டம் போட்டு, தராசுக்கு மேலே மாட்டியிருந்தார். யசவதி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறாயா நங்கி? எங்கட வீட்டுப் போத்தலை நிரப்பினது என்ர மனிசிதான்."

"அப்ப ஒரு கையெழுத்து வையுங்கோ அய்யே."

அவர் எழுந்து கடை வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"என்ர மகள் நில்மினிக்குப் பேசி வந்த மூண்டு இடமும் தட்டிப்போனது உனக்குத் தெரியும். பொம்பிளை நல்லம், குடும்பம் நல்லம், ஊர்தான் வருத்தக்கார ஊர், நோய் பிடிச்ச ஊர் எண்டுட்டுப் போனாங்க. இப்ப குருநாகல் பக்கத்தில ஒரு இடம். பொடியன்ர அம்மா இங்க வந்து, இந்தச் சட்டத்தைப் பாத்திட்டுத்தான் சரி எண்டவ. நான் இப்ப கையெழுத்து வைச்சா?"

"அவருக்குக் காலம் இல்லை அய்யே."

"கலியாணம் முடியட்டும். முடிஞ்ச அடுத்த நாள் நானே உன்னோட வாறன். சத்தியம்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் யசவதிக்குக் கஷ்டமாக இருந்தது. திட்டிவிட்டு வர வழியில்லை. இந்த ஒரு வீட்டோடு முடிகிற கதையுமில்லை. ரத்ரன்ஹாமியின் பேத்திக்கும், சோமாவின் மகளுக்கும் அதே அறிக்கையைக் காட்டித்தான் இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். யசவதி வீடு வீடாகப் போனாள். "உன்ர மனிசனுக்கு வருத்தம் எண்டா ஊருக்கே வருத்தமா?" என்று ஒருத்தி வாசல் படலையில் வைத்தே கேட்டாள். மற்றவர்கள் அப்படிக் கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சின்னப் பானைத் தண்ணீரில் தேநீர் போட்டுக் கொடுத்து, கையெழுத்துக் கதையைத் தொடாமல் அனுப்பினார்கள்.

கலியாணம் புத்தாண்டுக்குப் பிறகு என்றார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்தது. வெசாக் பண்டிகை கழியட்டும் என்றார்கள். பிறகு நல்ல நாள் இல்லை என்றார்கள்.

யசவதி சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு குளத்துக்கு அந்தப் பக்கம் போகத் தொடங்கினாள். பில்டர் வரிசையில் நின்ற பெண்களுக்கு அவளைத் தெரியும்.

"ஓ, நல்ல தண்ணி ஊர்க்காரி வந்திட்டா! உங்கட தண்ணி தேன் மாதிரி எண்டல்லோ கதை?"

"ருசி மாத்திப் பாக்க வந்திருக்கிறா போல."

"அவவுக்குக் குடுங்கடி," என்றாள் ஒரு வயதான பெண், "கதையை விட்டிட்டு." வரிசை முடிந்த பிறகு மெசினில் மிச்சம் இருந்தால் கொடுத்தார்கள். பல நாள் மிச்சம் இருக்கவில்லை. கிடைத்த நாட்களில் செனரத் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ருசியே இல்லை யசோ, மழையை வடிச்ச மாதிரி" என்பான். ஆனாலும் குடித்தான்.

அந்த வருடம் வெயில் கொளுத்தியது. சுனை அடித்தட்டு தெரியக் காய்ந்தது. குளத்தில் நடந்து போகலாம். ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் பண்ண ஆரம்பித்திருந்தார்கள். இனித் தண்ணீரே அளந்துதான், நாளுக்கு இரண்டு கோப்பை, எந்தத் தண்ணீர் என்றாலும். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு, நல்ல தண்ணீர் கிடைத்தாலும் அவனுக்குக் கொடுக்க முடியாத இடத்துக்கு விஷயம் வந்துவிட்டது. அவன் உதடு வெடித்துக் கிடந்தது. ஈரத்துணியை வாயில் வைத்தாள்.

"ஒரு தேத்தண்ணி," என்றான் ஒரு காலையில். "ஆடை இல்லாமல்."

சின்னப் பானை வெறுமையாக இருந்தது. உலர்ந்து, உள்ளே ஒரு சிலந்தி இருந்தது. அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது சாந்தனி வாசலில் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. கான் கையில் கனத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நிறையக் கொடுத்திருந்தார்கள்.

ஊர் கூடியது. வீதி நெடுக வெள்ளைக் கொடி கட்டினார்கள். பந்தல் போட்டார்கள். அடக்கம் முடியும்வரை சாவு வீட்டு அடுப்பு எரியக்கூடாது என்று சோமாவின் வீட்டில் சமையல் ஏறியது. வருகிறவர்களுக்குத் தேநீர் போட வேண்டும். சுனை காய்ந்திருந்ததே, தண்ணீருக்கு எங்கே போவது? யாரும் யாரிடமும் கேட்கவில்லை. பின்னேரம் ஆக ஆக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தி வந்தாள், இடுப்பில் சின்னப் பானையோடு. சிலரின் பானையில் பாதி இருந்தது, சிலரிடம் அடியில் நாலு விரல். இந்த வெயிலிலும் தொடாமல் மூடி வைத்திருந்தது. படலையில் வைத்து அவளைக் கேட்டவளும் கொண்டுவந்தாள். வேலி ஓரம் பானைகள் வரிசையாக நின்றன. யசவதி அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்டிருந்தால் அத்தனை பேரும் கொடுத்திருப்பார்கள் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. அவன் கேட்கவிடவில்லை.

ஹாமுதுருவோ பாளி ஓதினார். யசவதியும் சாந்தனியும் கெண்டியைச் சேர்த்துப் பிடித்து, கோப்பையில் தண்ணீர் வார்த்தார்கள். போனவனுக்குப் புண்ணியம் போய்ச் சேர, கோப்பை நிரம்பித் தட்டில் வழிய வேண்டும். சுனைத் தண்ணீர்தான். கண்ணாடி போல விழுந்து, நிரம்பி, வழிந்தது. அவ்வளவு நல்ல தண்ணீரை அவள் அந்த வருடம் ஒரே இடத்தில் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பியபோது விஜேபால அவளைப் பந்தலின் ஓரத்துக்குக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது. உண்மையாக அழுத கண்தான்.

"நான் சொன்னது சொன்னதுதான் நங்கி. கலியாணம் அடுத்த மாதம். முடிஞ்ச கையோட கையெழுத்து வைக்கிறன். மற்ற ஆக்களாவது..."

பந்தலுக்குள் அவருடைய வருங்காலச் சம்பந்தியம்மா, குருநாகல் பக்கத்துக்காரி, வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்காக அவ்வளவு தூரம் வந்திருந்தாள். பக்கத்தில் நில்மினி விசிறிக்கொண்டிருந்தாள்.

யசவதி அடுப்படிக்குப் போனாள். வேலியோரம் ஒரு பானையில் இன்னும் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைத் தாண்டிப் போய்ப் பெரிய பானையில் செம்பை விட்டாள்.

"அக்கே," என்றாள் சாந்தனி. அடுப்பை அவளே மூட்டிக் கொடுத்தாள்.

சாயம் நன்றாக இறங்கவிட்டு, கோப்பையில் ஊற்றினாள். ஆடை படியும்வரை காத்திருந்தாள். படிந்தது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பந்தலைக் குறுக்கே கடந்தாள். ரத்ரன்ஹாமி பார்த்தார். சோமா பார்த்தாள். கோப்பையின் மேல் மிதந்ததை அந்த ஊரில் கண் தெரிந்த எவருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பேச்சு வரிசை வரிசையாக அடங்கியது. நில்மினியின் விசிறி நின்றது. விஜேபால எழுந்தவர், மீண்டும் உட்கார்ந்துவிட்டார்.

"குடியுங்கோ அம்மா," என்றாள் யசவதி. "இது நாங்க குடிக்கிற தண்ணி. அவர் குடிச்ச தண்ணி."

சம்பந்தியம்மா கோப்பையை வாங்கினாள். உள்ளே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளும் ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவள். வாசலில் வந்து நின்றவர்களுக்குத் தானே தேநீர் நீட்டிப் பழகியவள். சாவு வீட்டில், புருஷனைப் பறிகொடுத்து நிற்கிறவள் தன் கையால் கொண்டுவந்து கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஒரு தரம் ஊதினாள். ஆடை உடைந்து ஓரத்தில் ஒதுங்கியது. நிறுத்தாமல், முகம் சுளிக்காமல், அடிவரை குடித்தாள்.

"நல்ல தேத்தண்ணி மகள்," என்றாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இந்த நேரத்திலயும் மறக்காமக் கொண்டுவந்தியே. போய் இரு, போ."

பந்தலில் பேச்சு திரும்பவும் தொடங்கியது, மெதுவாக, பிறகு பழையபடி. நில்மினி விசிறினாள்.

யசவதி வெறும் கோப்பையோடு அடுப்படிக்கு வந்தாள். உள்ளே கறை வளையம் நின்றது. சாந்தனி அதை வாங்கி, சாம்பல் தொட்டுத் தேய்த்து, பெரிய பானைத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு அதே செம்பில் ஒரு வாய் எடுத்து அண்ணாந்து குடித்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் குடித்திருக்கவில்லை.